திருடனைப் பிடிக்க வைத்த கேமரா சிக்னலில் என்னைப் பிடிக்கலாமா?

சைடுஸ்டாண்டு

போன வாரம் ஒரு அபராத நோட்டீஸ் வந்தது. சிவப்பு விளக்கில் நிறுத்தக்கோட்டைத் தாண்டினேனாம். கூடவே ஒரு படம். என் காரின் பின்பக்கம், நம்பர் பளிச்சென்று தெரிகிறது, முன்சக்கரம் கோட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. மறுப்பதற்கில்லை, என் வண்டிதான்.

ஆனால் அன்று நடந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பின்னால் ஆம்புலன்ஸ் சைரன். வழிவிடத்தான் முன்னால் நகர்ந்தேன். ஒரு வண்டி நீளம்கூட இருக்காது. படத்தில் ஆம்புலன்ஸ் இல்லை. சைரனைப் படம் பிடிக்கவும் முடியாது.

அதைவிட அதிகமாக உறுத்துவது வேறு. அந்தக் கம்பத்தில் இருப்பது போக்குவரத்துக் கேமராவே இல்லை. வழிப்பறி அதிகமாகிவிட்டது என்று சொல்லி வைத்த கண்காணிப்புக் கேமரா. "உங்கள் பாதுகாப்புக்காக" என்று கீழே பலகைகூட மாட்டியிருந்தார்கள். திருடன் மாட்டினானோ இல்லையோ, நான் மாட்டிக்கொண்டேன். இது முறையா? சட்டம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழையகிளட்ச்

ஒரு பேச்சுக்குக் கேக்குறேன் தம்பி, கோட்டைத் தாண்டினியா இல்லியா?

முப்பது வருசமா ஓட்டுறேன். அந்தக் காலத்துல மூலையில நிக்கிற போலீஸ்காரர் கண்ணுல படாம போனாப் போதும். பட்டாலும் பேசிச் சமாளிக்கலாம். தெரிஞ்சவர் பேரைச் சொன்னா விட்டுடுவாரு, வண்டி பெருசா இருந்தா சல்யூட்டே அடிப்பாரு. கேமராகிட்ட "நான் யாரு தெரியுமா"ன்னு கேட்டுப் பாரு. எனக்கு அந்த ஒரு விஷயத்துக்காகவே அதைப் பிடிச்சிருக்கு. அது வழிப்பறிக்கு வச்சதா சிக்னலுக்கு வச்சதாங்கிறதெல்லாம் மாட்டுனப்புறம் தேடுற சாக்கு.

வக்கீல்குமாஸ்தா

சைடுஸ்டாண்டு, ஆம்புலன்ஸுக்கு வழிவிட்டது உண்மையானால் முதலில் மேல்முறையீடு செய்யுங்கள். அந்தக் கேமராவின் முழு வீடியோவையும் எழுத்தில் கேளுங்கள். நின்ற படத்தை வைத்து வாதாடாதீர்கள். கெடு இருக்கும், அதைத் தவறவிட வேண்டாம்.

நீங்கள் கேட்டதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. கேமரா பிடிப்பது நம்பர் பிளேட்டை. குற்றம் செய்வது ஓட்டியவர். இரண்டுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியை ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக அடைத்திருக்கிறது. ஜெர்மனியில் வேகக் குற்றத்துக்கு ஓட்டியவரே பொறுப்பு என்பதால் முகம் தெரியும் படம் வேண்டும். அங்கே பைக்குக்கு முன்னால் நம்பர் பிளேட் கிடையாது. முன்னாலிருந்து எடுத்த படத்தில் ஹெல்மெட் மட்டும் இருந்தால் அதிகாரிகள் என்ன செய்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிரிட்டனில் வேறு வழி: யார் ஓட்டியது என்று உரிமையாளர் சொல்லியாக வேண்டும், சொல்லாததே தனிக் குற்றம். "என் வாயாலேயே என்னைக் காட்டிக்கொடுக்கச் சொல்வதா" என்று அதை எதிர்த்து ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போனார்கள். 2007ல் தோற்றார்கள். ஆனால் அமெரிக்காவில் மிசோரி மாநில உச்ச நீதிமன்றம் 2015ல் நேர்மாறாகத் தீர்ப்பளித்தது. உரிமையாளர்தான் ஓட்டினார் என்று அனுமானித்துக்கொண்டு, இல்லையென்று அவரையே நிரூபிக்கச் சொல்லும் சிக்னல் கேமரா விதி செல்லாது என்றது.

இந்த இடைவெளியில் விழுந்தவர்களில் ஒரு நீதிபதியும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஓய்வுபெற்ற கூட்டாட்சி நீதிமன்ற நீதிபதி மார்கஸ் ஐன்ஃபெல்ட். 2006ல் 10 கி.மீ. கூடுதல் வேகத்துக்காக 77 ஆஸ்திரேலிய டாலர் அபராதம். தான் ஓட்டவில்லை, வெளிநாட்டிலிருந்து வந்த பேராசிரியத் தோழி ஒருவர் ஓட்டினார் என்று நீதிமன்றத்தில் சத்தியம் செய்தார். அந்தத் தோழி 3 வருடம் முன்பே இறந்துபோயிருந்தார். பத்திரிகைக்காரர்கள் தோண்டி எடுத்தார்கள். 2009ல் பொய்ச் சாட்சியத்துக்காக 3 ஆண்டு சிறை.

77 டாலரோடு போயிருக்க வேண்டியது.

பழையகிளட்ச்

அய்யய்யோ! செத்தவங்க மேல பழி போட்டா கேக்க வரமாட்டாங்கன்னு நெனச்சிருப்பாரு.

நடராஜா சர்வீஸ்

எனக்கு வண்டி இல்லை. பெயரிலேயே தெரிந்திருக்கும். அதனால் எதிர்ப்பக்கத்திலிருந்து பேசுகிறேன்.

தினமும் ஒரு பெரிய சாலையைக் கடக்கிறேன். வெள்ளைக்கோட்டில் ஒரு காலை வைத்துவிட்டு, வருகிற வண்டியின் ஓட்டுநர் என்னைப் பார்த்தாரா என்று அவர் முகத்தைத் தேடுவேன். பெரும்பாலும் கண்ணாடியில் வானம்தான் தெரியும். அந்த ஒரு வினாடி, வண்டி நிற்குமா நிற்காதா என்று தெரியாத அந்த ஒரு வினாடியை ஓட்டுகிறவர்கள் யாரும் அனுபவித்திருக்க மாட்டீர்கள். காலைப் பின்னால் இழுத்துக்கொள்வேன். வண்டி போகும். ஓட்டியவருக்கு நான் அங்கே இருந்ததே தெரியாது.

"ஒரு வண்டி நீளம்கூட இல்லை" என்கிறீர்கள் சைடுஸ்டாண்டு. நிறுத்தக்கோட்டிலிருந்து ஒரு வண்டி நீளம் என்பது நான் நடக்கிற இடம்.

கேமரா உயிரைக் காப்பாற்றுகிறதா என்பதற்கு உலகத்தில் ஓரளவு நல்ல பதில் இருக்கிறது. மருத்துவ, சுகாதார ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2010ல் 35 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. வேகக் கேமரா வைத்த இடங்களின் சுற்றுவட்டத்தில் விபத்துகள் 8 முதல் 49 சதவீதம் வரை குறைந்திருந்தன. உயிர்ச்சேதமும் படுகாயமும் உண்டான விபத்துகள் 11 முதல் 44 சதவீதம் வரை. ஒன்றுகூட "கூடியது" என்று சொல்லவில்லை. இதற்குப் பிறகும் தனியுரிமை, அரசின் கண் என்று பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை இல்லை.

மில்லிசெகண்ட்

சிக்னல் அமைப்புகளோடு வேலை பார்ப்பவன். நடராஜா சொன்ன எண்கள் சரி. ஆனால் அந்தத் தொகுப்பை எழுதியவர்களே ஆய்வுகளின் தரம் நடுத்தரம்தான் என்றும் எழுதியிருக்கிறார்கள். காரணம் எளிது. ஓர் இடத்தில் ஒரு வருடம் விபத்து தாறுமாறாகக் கூடினால் அங்கே கேமரா வைப்பார்கள். அடுத்த வருடம் கேமரா இல்லாவிட்டாலும் எண்ணிக்கை பழைய அளவுக்கு இறங்கியிருக்கும். அந்த இறக்கத்தையும் கேமரா கணக்கில் எழுதிவிடுகிறோம். அதைக் கழித்த பிறகும் பலன் மிஞ்சுகிறது, கொஞ்சம் சிறியதாக.

மேலே உள்ள ஆய்வுகள் வேகக் கேமராவைப் பற்றியவை. சிக்னல் கேமரா வேறு கதை. அமெரிக்கக் கூட்டாட்சி நெடுஞ்சாலை நிர்வாகம் 2005ல் 132 சந்திப்புகளைப் பார்த்தது. குறுக்கே வந்து மோதும் விபத்து ஏறக்குறைய 25 சதவீதம் குறைந்தது. பின்னாலிருந்து இடிக்கும் விபத்து 15 சதவீதம் கூடியது. அபராத பயத்தில் மஞ்சளைப் பார்த்ததும் சடாரென்று பிரேக் போடுகிறார்கள், பின்னால் வருகிறவர் வந்து முட்டுகிறார். குறுக்கு மோதலில்தான் உயிர் போகும் என்பதால் மொத்தத்தில் லாபம் என்று அந்த ஆய்வு முடித்தது. ஆனால் நட்டமே இல்லை என்று சொல்லக்கூடாது.

இப்போது சைடுஸ்டாண்டின் கேள்வி. இதற்கென்றே செய்த வேகக் கேமராவுக்கும் தெருக்கம்பக் கேமராவுக்கும் பெயரில்தான் ஒற்றுமை. கேட்ஸோ கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். மாரிஸ் கேட்ஸோனிடெஸ் என்ற டச்சு ரேலி ஓட்டுநர் கண்டுபிடித்தது. வளைவில் இன்னும் வேகமாகப் போகத் தன் சொந்த வேகத்தை அளக்கச் செய்த கருவி அது, பாவம். அது ரேடாரில் அளந்துவிட்டு அரை வினாடி இடைவெளியில் இரண்டு படம் எடுக்கும். சாலையில் சமதூரத்தில் வெள்ளைக்கோடுகள் போட்டிருப்பார்கள். 50 கி.மீ. வேகம் என்றால் அரை வினாடியில் வண்டி 7 மீட்டர் நகர்ந்திருக்க வேண்டும். கோடுகளை எண்ணினால் ரேடார் பொய் சொன்னதா என்று யாரும் சரிபார்க்கலாம். தெருக்கேமராவில் இது எதுவும் கிடையாது. ஃபிரேமுக்கு ஃபிரேம் இடைவெளி சீராக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. லென்ஸ் ஓரத்தில் எல்லாம் வளைந்து தெரியும், கடிகாரத்தை யாரும் அளவு சரிபார்ப்பதில்லை. அதை வைத்து வேகத்துக்கு அபராதம் போட்டால் நான் கோர்ட்டுக்கே வந்து சாட்சி சொல்வேன். ஆனால் ஒருவழிப் பாதையில் எதிரே வந்தது, ஹெல்மெட் இல்லாதது, விளக்கும் கோடும் ஒரே படத்தில் தெரியச் சிவப்பில் தாண்டியது, இதற்கெல்லாம் அளவுகோல் தேவையில்லை. கண்ணுக்குத் தெரிந்தால் போதும்.

உங்கள் படத்தில் விளக்கு தெரிகிறதா?

சைடுஸ்டாண்டு

@மில்லிசெகண்ட் விளக்கு தெரிகிறது, சிவப்புதான். @வக்கீல்குமாஸ்தா வீடியோ கேட்டு மனு போட்டுவிட்டேன். ரசீது எண் தந்திருக்கிறார்கள். எப்போது வரும் என்று கேட்டால் "வரும்" என்கிறார்கள்.

@நடராஜா சர்வீஸ், உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் நான் ஆள் மேல் ஏற்ற வரவில்லை. வழிவிட நகர்ந்தேன். அந்த நேரத்தில் கடக்க யாரும் இல்லை.

மூணாவதுகண்

எல்லோரும் கேமரா சரியாகப் பார்த்ததா என்று பேசுகிறீர்கள். பார்த்ததை எவ்வளவு நாள் வைத்திருக்கிறது, யாருக்குக் காட்டுகிறது என்று யாரும் கேட்கவில்லை.

நம்பர் படிக்கும் கேமரா தப்பு செய்தவன் நம்பரை மட்டும் படிப்பதில்லை, போகிற வருகிற எல்லா நம்பரையும் படிக்கிறது. பிரிட்டனில் போலீஸின் நம்பர் பதிவுகளை 12 மாதம் வரை வைத்திருக்கலாம். அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலச் சட்டப்படி, தேடப்படும் வண்டியாக இல்லாவிட்டால் 3 நிமிடத்தில் அழித்துவிட வேண்டும். ஒரே கருவி, ஒரே வேலை. ஓரிடத்தில் 3 நிமிடம், இன்னோரிடத்தில் ஒரு வருடம். ஒரு வருடப் பதிவை அடுக்கிப் பார்த்தால் நீங்கள் எந்த டாக்டரிடம் போகிறீர்கள், எந்தக் கூட்டத்துக்குப் போனீர்கள், இரவு எங்கே வண்டி நின்றது, எல்லாம் தெரியும். சிவப்பில் தாண்டாதவருக்கும் சேர்த்துத்தான்.

ஒரு காரணம் சொல்லி வைத்ததை இன்னொன்றுக்குத் திருப்புவது எங்கே போய் முடியும் என்பதற்கும் பிரிட்டனே உதாரணம். பார்க்கிங் அபராதம் போட உள்ளாட்சிகள் கேமராவையும் கேமரா பொருத்திய கார்களையும் இறக்கி வசூல் நடத்தின. மக்கள் எரிச்சல் தாங்காமல் 2015ல் சட்டமே மாறியது. பஸ் லேன், பள்ளி வாசல் போன்ற சில இடங்களைத் தவிர மற்ற இடங்களில் பார்க்கிங்குக்குக் கேமரா நோட்டீஸ் அனுப்பக்கூடாது என்றார்கள். கேமராவுக்கு அனுமதி கொடுத்திருந்த அரசுத் தரப்பே பின்வாங்கியது.

அப்புறம் இந்த "கண்ணுக்குத் தெரிந்தால் போதும்". யாருடைய கண்ணுக்கு? 2021ல் இங்கிலாந்தின் பாத் நகரத்தில் ஒரு பெண் பஸ் லேனில் நடந்து போனார். அவர் டி-ஷர்ட்டில் 'நிட்டர்' என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது, பின்னல் வேலை செய்பவர் என்று அர்த்தம். கைப்பையின் வார் எழுத்துகளின் குறுக்கே விழுந்தது. கேமரா அதை நம்பர் பிளேட் என்று படித்து, வேறு மாவட்டத்தில் வீட்டில் இருந்த ஒருவருக்குப் பஸ் லேனில் ஓட்டியதற்கு அபராதம் அனுப்பியது. படத்தைத் திறந்தால் சாலையில் வண்டியே இல்லை, நடந்துபோகும் ஒரு பெண்தான் இருக்கிறார். சீனாவின் நிங்போவில் 2018ல், சிவப்பில் சாலையைக் கடந்தவர் என்று ஒரு பிரபல தொழிலதிபரின் முகத்தைத் தெருத்திரையில் போட்டுக் காட்டினார்கள். அவர் கடக்கவில்லை. அவர் படம் ஒட்டிய பஸ்தான் கடந்தது.

பழையகிளட்ச்

பஸ்ஸுக்கு ரெண்டு அபராதம் போட்டிருக்கணும், ஒண்ணு டிரைவருக்கு ஒண்ணு போஸ்டருக்கு.

நடராஜா சர்வீஸ்

வேடிக்கைக் கதைகள். டி-ஷர்ட்டைப் பார்த்த மாத்திரத்தில் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது, அபராதத்தை ரத்து செய்தார்கள். ஒரு தாளை ரத்து செய்யலாம். மோதினதை ரத்து செய்ய முடியாது. உங்களுக்கெல்லாம் வண்டிதான் உடம்பு, நாங்கள் சாலையில் கிடக்கிற தடங்கல்.

மூணாவதுகண்

தடங்கல் என்று யார் சொன்னது? நானும் நடக்கிறவன்தான். இரவு எட்டு மணிக்கு நான் எங்கே நடந்தேன் என்பதும் அந்தக் கேமராவில் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். சும்மா ஆளை

மட்டுறுத்துநர்

இருவரும் ஆளை விட்டுவிட்டு விஷயத்தைப் பேசவும். நடுவில் வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன்.

வக்கீல்குமாஸ்தா

ரத்து செய்தார்கள் என்பது அவ்வளவு லேசான வார்த்தை இல்லை நடராஜா. படத்தை ஒரு மனிதர் அனுப்புமுன் பார்த்திருந்தால் அந்த நோட்டீஸ் போயிருக்காது. பார்க்கும் ஆள் இருந்தும் பார்க்காத கதையும் இருக்கிறது. அமெரிக்காவின் பால்டிமோரில் 2012ல் ஒரு காருக்கு வேக அபராதம் போனது. சிவப்பு விளக்கில் அசையாமல் நின்ற கார். நோட்டீஸோடு வந்த இரண்டு படத்திலும் கார் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. மில்லிசெகண்ட் சொன்ன கோடு எண்ணும் வேலைகூடத் தேவையில்லை. ஆனாலும் அந்த நோட்டீஸில் ஒரு போலீஸ் அதிகாரியின் ஒப்புதல் இருந்தது. ஒரு நாளைக்கு அவர் எத்தனை படத்துக்கு ஒப்புதல் கொடுத்திருப்பார் என்று நீங்களே யோசியுங்கள். அடுத்த வருடம் அந்த நகரம் தன் கேமராக்களையே நிறுத்தி வைத்தது.

சைடுஸ்டாண்டு, இன்னொன்று. நோட்டீஸ் எத்தனை நாளில் வந்தது? பிரிட்டனில் வேகக் குற்றத்துக்கு 14 நாளுக்குள் உரிமையாளருக்கு வந்து சேர வேண்டும். இந்தியாவில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021ல் சேர்த்த விதி 167அ 15 நாளுக்குள் அனுப்ப வேண்டும் என்கிறது. அதே விதிப்படி கருவிக்கு அங்கீகாரச் சான்றிதழ் வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும், கேமரா இருப்பதைச் சொல்லும் பலகையும் வேண்டும். திருடனுக்காக வைத்த கேமராவை வைத்து நோட்டீஸ் அனுப்பும் எந்த ஊரிலும் நான் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான்.

மில்லிசெகண்ட்

நாள் கணக்கு வெறும் சம்பிரதாயம் இல்லை. மூன்று வாரம் கழித்து வரும் அபராதத்தால் யாரும் திருந்துவதில்லை. எந்தச் சிக்னல், என்ன அவசரம் என்றே மறந்திருக்கும்.

எனக்குத் தெரிந்து நம்பிக்கையைக் கெடுத்தது தப்பாகப் படித்த கேமராவைவிடக் காசுதான். சிகாகோவை எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல் கேமரா ஒப்பந்தத்துக்காக லஞ்சம் வாங்கிய நகராட்சிப் போக்குவரத்து அதிகாரிக்கு 2016ல் 10 ஆண்டு சிறை. அது ஒரு பக்கம். 2014ல் கேமராக்கள் புது நிறுவனத்தின் கைக்கு வந்தபோது, மஞ்சள் விளக்கு 3 வினாடிக்கு ஒரு துளி குறைந்திருந்தாலும் நோட்டீஸ் அனுப்பலாம் என்று வரம்பைத் தளர்த்தினார்கள். 2.9 வினாடி மஞ்சள். அந்த 0.1 வினாடியில் விழுந்த நோட்டீஸ்கள் ஏறத்தாழ 77,000.

0.1 வினாடி என்றால் சிரிப்பாக இருக்கும். மஞ்சள் விளக்கின் கணக்கே அந்த அளவில்தான் நடக்கிறது. 1960ல் கேஸிஸ், ஹெர்மன், மாரதுடின் என்ற மூன்று பேர் எழுதிக் காட்டினார்கள்: மஞ்சள் போதாமல் இருந்தால், சந்திப்புக்கு முன்னால் இரண்டுங்கெட்டான் இடம் ஒன்று உருவாகும். அங்கே இருக்கும்போது மஞ்சள் விழுந்தால் பிரேக் போட்டு நிற்கவும் தூரம் போதாது, சிவப்புக்குள் தாண்டவும் நேரம் போதாது. எவ்வளவு ஒழுங்கானவரும் மாட்டுவார். அதனால்தான் எந்தச் சந்திப்பில் திடீரென்று அபராதம் குவிந்தாலும் நான் ஓட்டுநர்களைத் திட்டுவதற்கு முன் ஸ்டாப்வாட்ச் எடுத்துக்கொண்டு மஞ்சளை அளக்கப் போவேன். இரண்டு முறை மஞ்சள்தான் குற்றவாளி. அதை நீட்டியதும் அபராதம் படுத்துவிட்டது. வசூல் குறைந்ததில் யாருக்கு வருத்தமோ எனக்குத் தெரியாது.

பழையகிளட்ச்

எங்க பக்கத்து வீட்டுப் பையன் கேமரா எங்க இருக்குன்னு சொல்ற ஆப் வச்சிருக்கான். கேமரா வந்தா குழந்தை மாதிரி போவான், தாண்டினதும் ராக்கெட். கேமரா இருக்குற நூறு மீட்டருக்குத்தான் சட்டம்.

மில்லிசெகண்ட்

அதற்குக் கங்காரு விளைவு என்றே பெயர். மருந்தும் இருக்கிறது. சில கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு கேமரா வைத்து, இரண்டையும் தாண்ட எடுத்த நேரத்தைப் பார்த்துச் சராசரி வேகம் கணக்கிடுவது. நடுவில் ராக்கெட் விட்டாலும் கணக்கில் வந்துவிடும். ஆனால் மூணாவதுகண்ணுக்கு அது பிடிக்காது. சராசரி எடுக்க வேண்டுமென்றால் ஒழுங்காகப் போகிறவர் நம்பரையும் கொஞ்ச நேரமாவது ஞாபகம் வைத்தாக வேண்டும்.

மூணாவதுகண்

இரண்டாவது கேமராவைத் தாண்டியதும் அழித்துவிட்டால் பிடிக்கும். அழிப்பதைச் சட்டத்தில் எழுதட்டும். "அழித்துவிடுகிறோம்" என்று வாயால் சொன்னால் போதாது.

முழுக்க எதிரியும் இல்லை நான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 2019 டிசம்பரில் ஓட்டும்போது போன் பேசுகிறவர்களைப் பிடிக்கும் கேமரா கொண்டுவந்தார்கள். முதல் மூன்று மாதம் எச்சரிக்கைக் கடிதம் மட்டும். இயந்திரம் சந்தேகப்பட்ட படத்தை மனிதர் பார்த்த பிறகுதான் அபராதம். இதற்கு என்றே சொல்லி, இதற்கு என்றே சட்டம் போட்டு வைத்தார்கள். மனிதர் பார்த்தாலும் தவறும் என்பது வேறு. நெதர்லாந்தில் தலையைச் சொறிந்த ஒருவருக்குப் போன் பேசியதாக 380 யூரோ அபராதம் வந்தது. கை வெறுங்கை.

நடராஜா சர்வீஸ்

அப்படிச் சொல்லி வைத்தால் எனக்கும் சம்மதம்தான். நேற்று கொஞ்சம் சூடாகிவிட்டேன். நேற்றும் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டுதான் வந்தேன், அந்தச் சூடு.

சைடுஸ்டாண்டு

மூன்று வாரம் கழித்து வருகிறேன். வீடியோ கிடைத்துவிட்டது. தபாலில் அனுப்ப மாட்டார்களாம், நேரில்தான். ஓர் அறையில் பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துக் காட்டினார்கள். மொத்தம் 40 வினாடி. நான்கு முறை போடச் சொன்னேன். நாலாவது முறை அங்கிருந்த ஊழியர் என்னைப் பார்த்த பார்வை சரியில்லை.

ஆம்புலன்ஸ் இருக்கிறது. அந்த மட்டும் என் ஞாபகம் சரி. ஆனால் படத்தின் கீழ் மூலையில் அது எட்டிப் பார்ப்பதற்கு 9 வினாடி முன்பே நான் கோட்டைத் தாண்டி நின்றுவிட்டேன். சிவப்பு விழுந்து இரண்டு வினாடி கழித்து வந்து, மெதுவாக உருண்டு, தாண்டி, நிற்கிறேன். சைரன் கேட்டு நகர்ந்தது அதற்குப் பிறகு, இன்னும் ஓர் அடி. என் மனசு இரண்டையும் ஒட்டிவைத்துக்கொண்டிருக்கிறது. பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நடந்தது என்று சத்தியமாக நம்பினேன். ஐன்ஃபெல்ட் கதையைப் படித்துவிட்டுப் போனது நல்லதாகிவிட்டது.

அபராதத்தைக் கட்டிவிட்டேன். சான்றிதழ் பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் இல்லை. அதை விடப்போவதில்லை, மனு எண் இருக்கிறது. இந்த வீடியோவின் இணைப்பை முதல் நாளே நோட்டீஸில் அச்சிட்டிருந்தால் இங்கே இத்தனை பக்கம் ஓடியிருக்காது என்பதையும் அந்த ஊழியரிடம் சொன்னேன். "மேலே சொல்லுங்க சார்" என்றார்.

@நடராஜா சர்வீஸ், கடக்க யாரும் இல்லை என்று எழுதியிருந்தேன். இருந்திருக்கிறார். இடது பக்க ஓரத்தில், கையில் பையோடு ஒருவர் வெள்ளைக்கோட்டில் ஓர் அடி வைக்கிறார். என் வண்டி உருண்டு வருகிறது. காலைப் பின்னால் எடுத்துக்கொள்கிறார். முதல் மூன்று முறை பார்த்தபோதும் அவர் என் கண்ணில் படவில்லை.